மடைவீட்டுத் தும்மல்

மடைவீட்டுச் சங்கிலிமுத்து செத்துப் பதினாறாம் நாள், காரியத்துக்கு வந்த சனம் பந்தியில் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்த மத்தியான நேரத்தில், கீழத்தெருவில் மாவு மில் வைத்திருந்த வெயிலுகந்தாள் தன் முப்பத்தாறு வயசில் முதல் தடவையாகத் தும்மினாள். தும்மிய மாத்திரத்தில் நரியங்கண்மாய் ஊரிலிருந்த கதவுகள் எல்லாம் திறந்துகொண்டன.

கதவு என்றால் வாசல் கதவு மட்டுமில்லை. அடுப்படிக் கதவும் பீரோக் கதவும் ரேஷன் கடை ஷட்டரும் கோழிக்கூண்டும் திறந்தன. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் ஜாமெட்ரி பாக்ஸும் ஊறுகாய் ஜாடியும் தூக்குவாளி மூடியும் திறந்தன. மடக்கி வைத்த குடைகள் மூலையில் சாய்ந்தபடியே விரிந்தன, ரவிக்கைக் கொக்கிகள் வரிசையாகக் கழன்றன, தொட்டிலில் தூங்கிய குழந்தைகள் கண் திறந்தன, வடக்குத்தெருவில் பன்னிரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் ஒரே சமயத்தில் வாய் திறந்து ஒருத்தியை ஒருத்தி "சாப்பிட்டியா" என்று கேட்டார்கள். பந்தியில் யாரும் திடுக்கிடவில்லை. பெண்கள் இடது கையால் ரவிக்கையைப் பிடித்துக்கொண்டு வலது கையால் சோற்றைப் பிசைந்தார்கள். "வந்துருச்சுய்யா" என்று மட்டும் யாரோ ஒரு பெரியவர் நிம்மதியாகச் சொல்லிவிட்டு ரசத்துக்குக் குழி பறித்தார்.

ஊருக்கு அது புதுசில்லை. ஊருக்கு மேற்கே கடல் மாதிரிக் கிடக்கிற கண்மாய்க்கு ஒரே ஒரு மடைதான். அந்த மடையை ஒரு இரும்புப் பலகை அடைத்துக்கொண்டிருந்தது. அந்தப் பலகைக்குக் கைப்பிடி இல்லை, திருகு இல்லை, சங்கிலி இல்லை, செய்தவன் அடைப்பதற்கு மட்டும் வழி செய்துவிட்டுத் திறப்பதற்கு மறந்துபோயிருந்தான். வருஷா வருஷம் மார்கழியில் நாற்று வளர்ந்ததும் மடைவீட்டுக்காரர் மடைக்கல்லின் மேல் ஏறி நின்று சூரியனை அண்ணாந்து பார்த்துத் தும்முவார், பலகை தானாக எழும்பும், தண்ணீர் போகும். அதற்கு முந்தின நாளே தமுக்கு அடித்துவிடுவார்கள். மாட்டுக்கு இரட்டை முடிச்சுப் போடுவார்கள், டவுன் பஸ் கண்டக்டர் ஊர் எல்லையில் பஸ்ஸை நிறுத்திக் கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டுதான் உள்ளே வருவார், தையல்காரர் இசக்கி கொக்கிக்குப் பதிலாகக் கயிறு வைத்துத் தைத்துத் தரும் உருப்படிக்குத் தும்மல் ரவிக்கை என்றே பெயர். சங்கிலிமுத்துவுக்குச் சளி பிடித்தால் அவராகவே எல்லை தாண்டித் தோட்டத்து மோட்டார் ரூமில் போய்ப் படுத்துக்கொள்வார். ஊருக்கு வாக்கப்பட்டு வரும் பெண்கள் குளிக்கும்போது தாழ்ப்பாளை ஒரு கையால் பிடித்துக்கொள்ளப் பழக மூன்று மாசம் ஆகும். பழகிய பிறகு பிறந்த வீட்டுக்குப் போனாலும் அந்தக் கை தாழ்ப்பாளுக்குத்தான் போகும்.

யார் தும்மி ஊர் திறக்கிறதோ அவர்தான் மடைவீட்டு வாரிசு. உயில், பத்திரம், பங்காளிகளின் கையெழுத்து எதுவும் தேவைப்பட்டதில்லை. ஆதிமூலம், ஆதிமூலம் மகன் பெரியகருப்பன், பெரியகருப்பன் மகன் வீரணன், வீரணன் மகன் முத்திருளாண்டி, முத்திருளாண்டி மகன் சங்கிலிமுத்து என்று மடைக்கல்லில் வெட்டியிருந்ததை ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளை எல்லாம் ஒரே மூச்சில் சொல்லும்.

ஆகவே சங்கிலிமுத்துவின் உடம்பு காட்டுக்குப் போன அன்றே ஊர்க் கண்ணெல்லாம் அவருடைய மூத்த மகன் கருத்தபாண்டியின் மூக்கின் மேல் விழுந்தது. மூன்றாம் நாள் அவன் மடைக்கல்லில் ஏறி ஒரு சிட்டிகை மூக்குப்பொடி போட்டுப் பதினோரு தும்மல் தும்மினான். அவனுடைய சட்டையின் மேல் பித்தான் மட்டும் திறந்தது, அதுவும் தும்மலின் குலுக்கலில்தான். ஐந்தாம் நாள் திருப்பூரிலிருந்து வந்திருந்த இளையவன் தவசி, மிளகை நுணுக்கி உறிஞ்சி, கோழி இறகை மூக்கில் விட்டு, மேளக்காரர்கள் ரெண்டு பேர் பக்கத்தில் நின்று உசுப்ப, அடிவயிற்றிலிருந்து ஒன்று போட்டான். மரத்திலிருந்த கொக்குகள் கலைந்தன. பலகை அசையவில்லை. ஊரே பதைத்துப்போய்க் கிடந்தது, பதினாறாம் நாள் மத்தியானம் வரைக்கும்.

வெயிலுகந்தாள் தும்மியதும் மில்லின் நடுவில் நின்றபடி நின்றுவிட்டாள். பத்து வயசிலிருந்து வத்தல் மிளகாய் அரைக்கிறவள். மில்லுக்குள் வருகிறவர்கள் எல்லாம் கண்ணும் மூக்கும் ஒழுகத் தெருவுக்கு ஓடும்போது, பவுடர் போட்ட முகம் மாதிரி மிளகாய்த் தூளோடு சிரித்துக்கொண்டு நிற்கிறவள். உச்சந்தலைக்குள் பிறந்ததிலிருந்து போட்டுக் கிடந்த ஒரு முடிச்சு அவிழ்ந்து, அதன் வழியே காற்று புகுந்து கால் கட்டைவிரல் வரைக்கும் போனது மாதிரி இருந்தது. சுற்றிலும் மாவு டின்களின் மூடிகள் எல்லாம் திறந்து கிடந்தன. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் பயந்துபோய் மூடிகளை ஒவ்வொன்றாக அழுத்தி மூடினாள்.

ஏனென்றால் மடைவீட்டுத் தும்மல் மடைவீட்டு ரத்தத்துக்குத்தான் வரும் என்று ஊருக்குத் தெரியும். அவளோ பரமன் மகள். இந்த மில்லைப் பழைய மோட்டார் ஒன்றை வைத்து ஆரம்பித்து, அவளுக்கு ஒன்பது வயசில் செத்துப்போன பரமன் மகள். அவள் பிறந்த வருஷம் அவளுடைய அம்மா சீனியம்மா மடைவீட்டில் நெல் அவித்துக்கொண்டிருந்தாள். ஊர் விரலை மடக்கி மாசத்தை எண்ண ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். கட்டிக்கொடுத்த இடம் ஒத்துவராமல் இரண்டே வருஷத்தில் திரும்பி வந்தபோது ஊர் வாய் எவ்வளவு அகலம் என்பதை அளந்து பார்த்தவள் அவள். வெந்நீரில் முகம் கழுவி, மூக்கைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல் மில்லை ஓட்டினாள்.

ஆனால் முப்பத்தாறு வருஷத்துத் தும்மல் துண்டுக்கு அடங்குமா. காலையில் ஒன்று வந்தது, சாயங்காலம் ஒன்று வந்தது, சில நாள் இட்லி மாவு ஆட்டும்போதே மூன்று வந்தது. ஊர் கிறுகிறுத்துப்போனது. சாவி தொலைந்து ஏழு வருஷமாகப் பூட்டிக் கிடந்த நூலகம் திறந்தது. புத்தகம் படிக்காதவர்களும் உள்ளே போய்ப் பெஞ்சியில் உட்கார்ந்து பார்த்தார்கள். டிரங்குப் பெட்டிகள் திறந்து, உள்ளேயிருந்த கடிதங்களைப் படிக்கக் கூடாதவர்கள் படித்து, அதனால் மூன்று கல்யாணம் நிச்சயமாகி ஒன்று நின்றுபோனது. வாசல்கள் எந்நேரமும் திறந்தே கிடந்ததால் ஆட்கள் குறுக்கு வழியாக அடுத்தவர் வீட்டுக்குள் புகுந்து மறுபக்கத் தெருவுக்குப் போகப் பழகிக்கொண்டார்கள், போகிற போக்கில் கொதிக்கிற குழம்பைக் கிளறியும் விட்டார்கள். தண்ணீர்க் குடத்தோடு தெருவில் நடக்கும்போது வெயிலுகந்தாள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே போவாள். பயம் ஒரு பக்கம் இருக்க, கள்ளுக் குடித்தவள் போல அவளுக்கு நடை மிதந்தது.

தும்முவது யாரென்று தெரியாததால் மடை மட்டும் திறக்கவில்லை. கல்லின் மேல் ஏறி நின்று தும்மினால்தான் அது கேட்கும். நாற்றங்கால் நுனி மஞ்சள் பூத்துக்கொண்டு வந்தது. கருத்தபாண்டி தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்து சட்டப்படியான வாரிசுச் சான்றிதழ் வாங்கி, லேமினேஷன் போட்டு, ஒரு வெள்ளிக்கிழமை ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு மடைப் பலகைக்கு முன்னால் அதைத் தேதி, முத்திரை விடாமல் வாசித்துக் காட்டினான். பலகை கேட்டுக்கொண்டிருந்தது.

கடைசியில் அய்யனார் கோயில் முன்னால் ஊரை வரிசையில் நிறுத்துவது என்று முடிவானது. ஆளுக்கு ஒரு சிட்டிகைப் பொடி. எதிரே மூடி வைத்த ஒரு எவர்சில்வர் சம்படம். யார் தும்மி அது திறக்கிறதோ அவர். அறுநூற்று நாற்பது பேர் இரண்டு நாள் தும்மினார்கள். அந்த இரண்டு நாளும் வெயிலுகந்தாளுக்கும் தும்மல் வரவில்லை; சம்படத்தின் மேல் ஈ உட்கார்ந்திருந்தது. வெயிலுகந்தாளின் முறை வந்தபோது அவள் கையை நீட்டினாள். பொடி கொடுத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "நீ எதுக்குத்தா நிக்குற? மில்லுக்காரிக்கு மூக்கு இரும்பு. பொடி வீணாகும், போ" என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலையில், சங்கிலிமுத்துவின் பெண்சாதி பெருமாயி, வரிசையில் தும்மாமல் போனவள் ஒருத்திதான் என்பதைக் கவனித்திருந்தவள், ஐந்து கிலோ குண்டு வத்தலைத் தானே தலையில் சுமந்துகொண்டு மில்லுக்கு வந்தாள். மடைவீட்டு வத்தல் வேலைக்காரப் பெண்களிடம்தான் வரும். அவளே வந்தது அதுதான் முதல் தடவை.

"வச்சுட்டுப் போங்கத்தை, சாயந்தரம் கொண்டாந்து தாரேன்" என்றாள் வெயிலுகந்தாள். அவளுடைய அம்மா சங்கிலிமுத்துவை அண்ணன் என்று கூப்பிடுகிறவள். அந்த முறையில் பெருமாயி அவளுக்கு அத்தை.

"இருந்து வாங்கிட்டுப் போறேன். அரை." பெருமாயி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வத்தல் பாதி அரைபட்டதும், "மூஞ்சியில என்னத்துக்குத் துண்டு? இத்தன வருசமா கட்டாத துண்டு" என்றாள்.

"தூசி அத்தை."

"அவுத்துப் போடு."

துண்டை அவிழ்த்ததும் அது வந்தது. டின் மூடிகள் எழும்பின. பெருமாயியின் சுருக்குப்பை வாய் திறந்து வெற்றிலை தரையில் சிந்தியது. அவள் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஒன்றைச் சேலையில் துடைத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

சத்தம் கேட்டுப் பின்கட்டிலிருந்து சீனியம்மா கரண்டியோடு வந்து நின்றாள். மகளையும் பார்த்தாள், பெருமாயியையும் பார்த்தாள். அவளுக்கும் மகள் சொல்லாமலே தெரிந்திருந்தது. வீட்டு அடுப்படியில் டப்பாக்கள் எந்தத் தும்மலுக்குத் திறக்கின்றன என்று தெரியாதவளா.

"மதினி, நீங்க என்ன கேக்க வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். நீங்க கேக்காட்டியும் ஊரு கேக்கும். உங்க வீட்டுல நெல்லு அவிச்சேன். உங்க வீட்டுக்காரர அண்ணேன்னு கூப்புட்டேன். அம்புட்டுத்தான். இதுக்கு மேல என்னைய எந்தக் கோயில்ல சூடத்த அணைக்கச் சொன்னாலும் அணைப்பேன்."

"நான் ஒண்ணும் கேக்க வரல சீனியம்மா. சொல்ல வந்தேன். மோட்டார நிப்பாட்டச் சொல்லு, காதுல விழணும்."

மோட்டார் நின்றது. பெருமாயி வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினாள்.

"என் வீட்டுக்காரரு முத்திருளாண்டி பெத்த பிள்ள இல்ல. முத்திருளாண்டி செத்த மாசம் உடன்குடிப் பக்கத்துலருந்து கருப்பட்டி விக்க ஒருத்தரு வந்திருக்காரு. கூட வந்த ஏழு வயசுப் பிள்ள புளியமரத்தடியில தும்மியிருக்கு. ஊரு திறந்துபோச்சு. அப்பவே பிள்ளையத் தூக்கித் தோள்ல வச்சுட்டுப் போயி, பொழுது சாயுறதுக்குள்ள செத்தவருக்கு மகன்னு ஆக்கிட்டாங்க. பெத்தவரு மூணு நாளு வாசல்ல உக்காந்துட்டுக் கூடையத் தூக்கிட்டுப் போயிட்டாரு. வருசா வருசம் கருப்பட்டி வாங்கப் போறேன்னு இவரு உடன்குடிக்குப் போவாரு. எங்க வீட்டுல யாரும் கருப்பட்டி திங்க மாட்டோம்."

சீனியம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"முத்திருளாண்டியும் அப்பிடித்தான். ஆட்டுக்காரன் பிள்ள. அவருக்கு முந்தினவரு யாரோ நாடோடி பெத்தது. கல்லுல இருக்குற அஞ்சு பேருல ஒருத்தரும் இன்னொருத்தரு பெத்தது இல்ல. தும்முனவன வீட்டுக்குள்ள இழுத்துக்கிட்டு மகன்னு வெட்டிருவாக. இவரு சாகுறதுக்கு முந்தி என்கிட்ட மட்டும் சொன்னாரு."

"ஏன் அத்தை இம்புட்டு நாளா வாயத் திறக்கல?" என்றாள் வெயிலுகந்தாள்.

"எம்மக்க ரெண்டு பேரும் பெத்த பிள்ளைகளாப் போயிட்டாங்க. இந்த ஒரு தடவையாவது வயித்துப் பிள்ளைக்கு வராதான்னு பாத்தேன். ஆசதான், வேறென்ன."

அடுத்த நாள் விடிந்து வெயில் ஏறும் நேரத்தில் ஊர் கண்மாய்க் கரையில் கூடியது. பெருமாயி மில்லில் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் கரையில் நின்று சொன்னாள். பிறகு எண்பத்தைந்து வயசான கோட்டைச்சாமி தடியை ஊன்றி எழுந்து, "எனக்குத் தெரியும். அந்தப் பயகூட நான் கோலி வெளாண்டிருக்கேன். மறந்துரச் சொன்னாங்க, மறந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அதற்கப்புறம் ஊருக்கு எல்லாம் லேசாகிவிட்டது. வெயிலுகந்தாளுக்கு மாலை வந்தது, தாம்பாளம் வந்தது. கல்தச்சர் கதிர்வேல் உளியோடு மடைக்கல்லின் முன்னால் குத்தவைத்து, "சங்கிலிமுத்து மகள் வெயிலுகந்தாள். அப்பிடித்தான வெட்டணும்?" என்று கேட்டார். வரிசை வெட்டிய பிறகுதான் கல்லில் ஏற வேண்டும் என்பது வழக்கம்.

"பரமன் மகள்" என்றாள் வெயிலுகந்தாள்.

கரையில் சலசலப்பு எழுந்தது. பரமன் நல்ல மனுசன்தான், யாரு இல்லேன்னா, ஆனா கல்லுல பேரு தொடர்ச்சியா வரணும்ல என்றார்கள். பேருக்குத்தானம்மா, வீட்டுல நீ பரமன் மகளாவே இரு என்றார்கள். நாற்றைப் பாரு என்றார்கள். அவள் பார்த்தாள். கரைக்குக் கீழே நாற்றங்கால்கள் மஞ்சளாகத் தலை சாய்ந்து கிடந்தன; அதில் பாதி அவளிடம் மாவரைக்க வருகிறவர்களுடையது. ஆனாலும் சொன்னாள்:

"எங்கப்பன் சைக்கிள்ல மோட்டார வச்சுக் கட்டி எட்டு மைலு தள்ளிக்கிட்டு வந்து அந்த மில்ல வச்சாரு. அவரு பேர அழிச்சாத்தான் தண்ணி வரும்னா, நான் இந்தக் கல்லுல ஏறல. நீங்க வேற மூக்கு பாத்துக்கங்க."

கருத்தபாண்டி இதுவரைக்கும் கூட்டத்தில் சேராமல் லேமினேஷன் போட்ட சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு தனியாக நின்றிருந்தான். அவன் தன் அம்மாவிடம் வந்தான்.

"கருப்பட்டி வித்தவரு பேரு என்னம்மா?"

"சுடலைமணி."

"மூணு நாளு உக்காந்திருந்தாரா, நம்ம வாசல்ல?"

"ஆமாய்யா."

கருத்தபாண்டி கல்லுக்கு முன்னால் வந்து, 'முத்திருளாண்டி மகன் சங்கிலிமுத்து' என்ற வரியின் மேல் விரலை வைத்தான். "மொதல்ல இதத் திருத்துங்க கதிர்வேலண்ணே. சுடலைமணி மகன் சங்கிலிமுத்து. அப்பிடி வெட்டுங்க. அப்புறம் அவ கேட்டத வெட்டுங்க." திரும்பி வெயிலுகந்தாளைப் பார்த்தான். "எங்க தாத்தா பேரு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். உனக்கு உங்கப்பன் பேரு பொறந்ததுலருந்து தெரியும். அத எப்பிடி விடுவ."

"வெட்டுப்பா" என்றாள் பெருமாயி.

கதிர்வேல் வெட்ட ஆரம்பித்தார். பழைய எழுத்தைக் கொத்தி எடுத்துப் புது எழுத்தை வெட்ட நேரமானது. வெயில் உச்சிக்கு வந்தது. யாரோ மோர் கொண்டுவந்தார்கள், யாரோ வேர்க்கடலை அவித்துக் கொண்டுவந்தார்கள், பிள்ளைகள் கரையில் சறுக்கி விளையாடின. வெயிலுகந்தாள் கல்லின் ஓரத்தில் குனிந்து உளி போகும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ப வந்தது, ர வந்தது, ம வந்தது. அவளுக்கு உள்ளூரப் பயம்: இவ்வளவு பேசிவிட்டோம், தும்மல் வராவிட்டால்? காலையிலிருந்து மூக்கில் ஒரு குறுகுறுப்புக்கூட இல்லை. ன-வின் மேல் புள்ளி வைக்கக் கதிர்வேல் உளியைத் திருகி ஊதினார். வெள்ளைக் கல்தூசு எழும்பி நேராக அவள் முகத்துக்கு வந்தது.

"மிச்சத்த அப்புறம் வெட்டிக்கலாம், ஏறு, ஏறு" என்று நாலு பேர் அவள் கையைப் பிடித்துக் கல்லின் மேல் தூக்கிவிட்டார்கள்.

அந்தத் தும்மலைப் பற்றிப் பிறகு சொன்னவர்கள் எல்லாம் ஒவ்வொரு விதமாகச் சொன்னார்கள். பலகை எழும்பியதோடு நிற்காமல் பிய்த்துக்கொண்டு பனை உயரம் போய் வந்ததாகச் சொன்னவர்கள் உண்டு. தண்ணீர் சிங்கம் மாதிரி உறுமிக்கொண்டு வாய்க்காலில் பாய்ந்ததும், இரட்டை முடிச்சுப் போட்ட மாடுகளும் அவிழ்ந்து வாலைத் தூக்கிக்கொண்டு கரையில் ஓடியதும், அய்யனார் கோயில் நடை திறந்ததும், அறுநூறு தலைகளில் பின்னலும் கொண்டையும் ஒரே நேரத்தில் அவிழ்ந்து விழுந்ததும் எல்லோரும் கண்ட காட்சி. தவசி ஊருக்குக் கிளம்பத் தயாராக வைத்திருந்த சூட்கேஸ் திறந்து, திருப்பூர் பனியன்கள் காற்றில் ஒவ்வொன்றாக எழும்பி வயலுக்கு மேல் பறந்தன. கல்தூசில் திடுதிப்பென்று வந்த பெருந்தும்மலுக்கு யாரும் தயாராக இல்லை. ரவிக்கையையும் வேட்டியையும் பிடித்துக்கொண்டு, பிடிக்கக் கை போதாமல், ஆணும் பெண்ணும் கரையில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கருத்தபாண்டி பனியன்களைத் துரத்திக்கொண்டு முழங்கால் தண்ணீரில் ஓடினான். கல்லின் மேல் நின்ற வெயிலுகந்தாளுக்கு, சிரிப்பின் நடுவில் கண்ணில் தண்ணீர் வந்தது. மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

அந்த வருஷம் நெல் நன்றாக விளைந்தது. கல்லில் என்ன வெட்டியிருந்தாலும், மடைவீட்டு வரிசை அறுந்துபோனது ஊருக்கு ஒருமாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. சித்திரையில் ஒருத்தர் சொன்னார், பரமன் ஒருதடவை லேசாகத் தும்மியபோது தன் வீட்டுச் சன்னல் அசைந்ததாக. ஆனியில் இன்னொருத்தர், பரமனுக்கும் சங்கிலிமுத்துவுக்கும் காது மடல் ஒரே மாதிரி இருந்ததை நினைவுபடுத்தினார். ஆவணிக்குள் எல்லாம் தீர்மானமாகிவிட்டது: உடன்குடி சுடலைமணிக்கு இரண்டு பிள்ளைகள், மூத்தவன் பரமன், இளையவன் சங்கிலிமுத்து. பரமன் சங்கிலிமுத்துவுக்குப் பன்னிரண்டு வயசு இளையவன் என்பதைக் கோட்டைச்சாமியிடம் மறந்துரச் சொன்னார்கள், அவரும் மறந்துவிட்டார்.

கேப்பை அரைக்க வந்த ஒருத்தி இதை மில்லில் வைத்துச் சொன்னபோது, வெயிலுகந்தாளுக்கு முதலில் சுள்ளென்று வந்தது. கேப்பையை வாங்கி வேகமாக மில்லில் கொட்டினாள். மத்தியானம் சோறு போடும்போது அம்மாவிடம் சொன்னாள்.

சீனியம்மா ஒரு வாய் சோற்றை மென்று முடித்தாள். "அப்ப நான் மடைவீட்டு மருமகளா?"

"அப்பிடித்தான் பேசிக்கிறாங்க."

"அதுலயும் மூத்த மருமக."

"ஆமா."

சீனியம்மா கையைக் கழுவிவிட்டு உள்ளே போய், நல்ல சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். வெயிலுகந்தாள் மில்லை அப்படியே போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினாள். பெருமாயி மடைவீட்டு முற்றத்தில் உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். சீனியம்மா நேரே போய் முற்றத்து நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, காலை நீட்டினாள்.

"என்ன சீனியம்மா" என்றாள் பெருமாயி.

"என்ன சீனியம்மா, நொன்ன சீனியம்மா. மூத்த ஓரகத்தி வந்திருக்கேன். ஒரு வாய் காப்பி உண்டா, இல்லையா?"

பெருமாயி சீனியம்மாவைவிடப் பத்து வயசு மூத்தவள். புளிக் கையோடு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். வாசலில் நின்ற வெயிலுகந்தாளையும் பார்த்தாள். ஊர் பேசிக்கொள்வது அவள் காதுக்கும் வந்திருந்தது. கையைத் துடைத்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து, தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

"வாங்கக்கா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.